பெரியப்பாவின் பழைய பக்கங்களை மீட்கப் போய் 1,500 வெள்ளி போன கதை

காசு விவரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃப்ளாப்பி டிஸ்குகளைப் படித்துத் தருவதாகச் சொன்ன கடைக்கு 300 வெள்ளி (ரிங்கிட்). பழைய தமிழ் எழுத்துருவை, இன்று எல்லாக் கணினியும் புரிந்துகொள்ளும் யூனிகோடாக மாற்றித் தருவதாகச் சொன்ன ஒரு தம்பிக்கு 1,200 வெள்ளி. இரண்டு இடத்திலிருந்தும் உருப்படியாக எதுவும் திரும்பி வரவில்லை. கடைசியில் வேலையை முடித்தது, லினக்ஸ் என்ற இயங்குதளத்துக்குள் பல வருஷமாக இலவசமாகக் கிடக்கும் ஒரு கட்டளை. அப்படி ஒன்று இருக்கிறது என்று சொல்ல எனக்கு ஆள் இல்லை. நான் கணக்காளர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். கணினி படித்தவள் இல்லை. நம் மலேசியாவில் 1990களின் கடைசியில் தமிழில் இணையப் பக்கம் போட்டவர்கள் நிறைய பேர். அவர்கள் வீட்டிலும் இதே சாமான்கள் ஏதோ ஒரு அலமாரியில் கிடக்கும் என்பதால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பெரியப்பா பிரிக்ஃபீல்ட்ஸ்வாசி. தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கோல சிலாங்கூர் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்ததால் பெரட்டுக் களம் (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்), ஆயக்கொட்டகை (குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்), கங்காணி, கிராணி (கணக்கர்), சம்பள நாளில் கள்ளுக்கடை வாசலில் நடக்கும் சண்டை என்று அவரிடம் கதைகள் ஏராளம். தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் கைமாறி ஜனங்கள் கலைந்துபோன பிறகு, 1998ல் அதையெல்லாம் எழுதிவைக்கத் தொடங்கினார். இடம் ஜியோசிட்டீஸ், யாரும் இலவசமாக இணையப் பக்கம் வைத்துக்கொள்ள இடம் தந்த தளம். அங்கே இலவச மனைகளைப் பேட்டை பேட்டையாகப் பிரித்திருந்தார்கள்; கல்வி, இலக்கியம், தத்துவம் எழுதுகிறவர்களுக்கு ‘ஏதென்ஸ்’ பேட்டை, வீட்டு எண்ணோடு. “நானும் ஏதென்ஸ்ல குடியிருந்தவன்தாம்மா” என்று இப்போதும் சொல்லிச் சிரிப்பார். மோடத்தில் இணைய இணைப்புக்கான 1515ஐச் சுழற்றி, கீச்சுச் சத்தம் அடங்கும்வரை காத்திருந்து, ஃபிரண்ட்பேஜ் என்ற பக்கம் செய்யும் மென்பொருளில் செய்த பக்கங்களை ஒவ்வொன்றாக மேலே ஏற்றுவார். பக்கத்தின் தலையில் ‘எழுத்துருவை இறக்கிக்கொள்ளவும்’ என்று ஓர் இணைப்பு, கீழே வருகை எண்ணும் பெட்டி, நடுவே ஓடும் வரிகள். இப்போது பார்த்தால் கண் கூசும். அன்றைக்கு எங்கள் குடும்பத்தில் அதுதான் பெரிய பெருமை.

இப்போது அவருக்குக் கண் மங்கிவிட்டது. எழுதியதை ஒரு புத்தகமாகக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். கேட்பது சுலபம். ஜியோசிட்டீஸை 1999ல் வாங்கிய யாகூ, 2009 அக்டோபரில் அதை மொத்தமாக மூடிவிட்டது. 2003க்குப் பிறகு எழுதியவை சொந்தமாக வாங்கிய தளப்பெயரில் (டொமைன்) இருந்தன. அந்தப் பெயரும் கைவிட்டுப் போய்விட்டது. மிஞ்சியது மைலோ டின்னில் கொஞ்சம் ஃப்ளாப்பிகள்.

ஃப்ளாப்பியிலிருந்தே தொடங்குகிறேன். கோலாலம்பூர் ஈரக்காற்றில் இத்தனை வருஷம் கிடந்த டிஸ்கின் உள்தகட்டில் பூசணம் பிடித்திருக்கும். உலோக மூடியை விரலால் நகர்த்தி, வெளிச்சத்தில் தகட்டைச் சுற்றிப் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அதை டிரைவில் போடவே கூடாது. பூசணம் டிரைவின் தலையில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல டிஸ்கையும் கீறிவிடும். நான் போன கடைக்காரர் எல்லாவற்றையும் ஒரே டிரைவில் வரிசையாகத் தள்ளினார். டிஸ்குக்கு இவ்வளவு என்று கூலி, படித்தாலும் படிக்காவிட்டாலும். முதலில் போட்டவற்றிலிருந்து சில கோப்புகள் வந்தன, பிறகு வெறும் சத்தம்தான். யூஎஸ்பியில் சொருகும் ஃப்ளாப்பி டிரைவ் இணையக் கடைகளில் நூறு வெள்ளிக்குள்ளேயே கிடைக்கிறது. சுத்தமான டிஸ்குகளை முதலில் போட்டு, கோப்புகளைத் திறந்து பார்ப்பதற்கு முன்னால் டிஸ்கு முழுவதையும் ஒரே பிம்பக் கோப்பாக நகல் எடுத்துக்கொண்டால், டிஸ்கு மறுபடி படிக்காமல் போனாலும் கவலை இல்லை. கடைக்காரர் பேரில் எனக்கு இன்னமும் கோபம்தான். ஆனால் அந்தச் சில கோப்புகள்தான் பிறகு பெரிய உதவியாக வந்தன. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்தது இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷின். பழைய முகவரி தெரிந்தால் போதும், அந்தந்த வருஷத்தில் எடுத்துவைத்த நகல்கள் வரும். முகவரிதான் சிக்கல். பெரியப்பாவுக்குப் பேட்டை ஞாபகம் இருந்தது, வீட்டு எண் மறந்துவிட்டது. கடைசியில் அவர் அடித்துவைத்திருந்த பழைய பெயரட்டையில் கிடைத்தது. கல்யாணப் பத்திரிகை, சங்க மலர், பழைய மின்னஞ்சலின் கையெழுத்துப் பகுதி என்று இந்த மாதிரி இடங்களில்தான் அந்தக் கால முகவரிகள் ஒளிந்திருக்கின்றன, அங்கே தேடுங்கள்.

பக்கங்கள் வந்தன. வந்தவை முழுக்கக் கட்டங்கள். ஒரு எழுத்துகூடத் தமிழாகத் தெரியவில்லை. அன்றிரவு எனக்கு அழுகையே வந்துவிட்டது. எல்லாம் அழிந்துபோய் ஓடு மட்டும் மிஞ்சியிருக்கிறது என்று நினைத்தேன். அந்த நிலையில்தான் ஒருவர் மூலம் அந்தத் தம்பி அறிமுகமானார். இளைஞர், பேச்சில் மரியாதை. “அக்கா, இதெல்லாம் சின்ன வேலை, ரெண்டு வாரம்” என்றார். பாதிப் பணம் முன்னால், மீதி கோப்பு கைக்கு வந்ததும் என்று பேச்சு. வாரங்கள் மாதங்களாகி ஒரு வேர்ட் கோப்பு வந்தது. தமிழ் தெரிந்தது! சந்தோஷத்தில் அன்றைக்கே மீதியையும் அனுப்பிவிட்டு, பெரிய எழுத்தில் அச்செடுத்துப் பெரியப்பாவிடம் கொண்டுபோனேன். பூதக்கண்ணாடி வைத்து ஒரு பக்கம் படித்தவர் நிமிர்ந்து, “ஏம்மா, நான் எழுதினதுல ‘இ’ எல்லாம் எங்க போச்சு?” என்றார்.

பார்த்தால், ‘இந்த’ என்று இருக்க வேண்டிய இடமெல்லாம் ‘ந்த’. ‘இருந்தார்’ எல்லாம் ‘ருந்தார்’. ‘ஸலாம்’ ‘…லாம்’ ஆகியிருந்தது. சில கட்டுரைகளில் பத்தி பத்தியாகக் கேள்விக்குறிகள். தம்பியைக் கூப்பிட்டால், “மூலமே கெட்டுப்போயிருக்குக்கா” என்றார். அதற்கப்புறம் ஃபோன் எடுப்பதையே நிறுத்திவிட்டார். மூலம் கெடவில்லை என்று எனக்குத் தெரியவந்தது வெகு நாள் கழித்து. அதைக் கண்டுபிடிக்க நான் படித்த பாடத்தைத்தான் இங்கே கொட்டுகிறேன்.

அந்தக் காலத்தில் தமிழுக்கு ஒரே குறியேற்றம், அதாவது எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற ஏற்பாடு, கிடையாது. ஒவ்வொரு எழுத்துருவும் ஒரு தனி நாடு. 1997ல் சிங்கப்பூரில் நடந்த மாநாட்டுக்குப் பிறகு இணையத்தில் கூடி விவாதித்தவர்கள் திஸ்கி என்ற பொதுக் குறியேற்றத்தைக் கொண்டுவந்தார்கள். 1999ல் சென்னை மாநாட்டில் டாம், டாப் என்று வேறு இரண்டு வந்தன. 2001ல் தமிழ் இணைய மாநாடு நம் கோலாலம்பூரிலேயே நடந்தது; பெரியப்பா போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்து ஒரு வாரம் அதையே பேசிக்கொண்டிருந்தார். அவர் தட்டச்சு செய்தது முரசு அஞ்சலில், நம் ஊர் முத்து நெடுமாறன் உருவாக்கியது, எழுத்துரு இணைமதி. ஆக அவர் பக்கங்கள் பெரும்பாலும் திஸ்கி. அதற்கும் முந்திய சில பக்கங்கள் மட்டும் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை உட்காரவைத்த ஒரு பழைய எழுத்துருவில் இருந்தன.

திஸ்கியில் மொத்தம் 256 இடங்கள். முதல் பாதியில் ஆங்கிலம், மறுபாதியில் தமிழ். அந்த மறுபாதியைத் திஸ்கி என்று தெரியாத கணினி ஐரோப்பியக் குறிகளாகக் காட்டும். அதனால் கோப்பைச் சாதாரண மேற்கத்தியக் குறியேற்றத்தில் திறந்தால் பின்னங்கள் கொட்டிக் கிடக்கும்: ‘ட’ கால், ‘ண’ அரை, ‘த’ முக்கால். பக்கம் முழுக்க முக்காலாகத் தெரிந்தால் கவலையே வேண்டாம், அது திஸ்கி, உள்ளே தமிழ் பத்திரமாக இருக்கிறது. அப்படியில்லாமல், வட்டத்துக்குள் ஆர் போட்ட வணிகக் குறி ஒவ்வொரு எழுத்துக்கும் ஒருமுறையாவது வந்து நின்றால், அது ஏற்கெனவே யூனிகோட். உலாவி தவறாகப் படிக்கிறது, அவ்வளவுதான். யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட் (0 முதல் 255 வரையிலான எண்) பிடிக்கும், முதலாவது எப்போதும் ஒன்றே, இரண்டாவதும் உயிருக்கும் மெய்க்கும் ஒன்றே என்பதால்தான் அந்தக் குறி திரும்பத் திரும்ப வருகிறது. கட்டங்களும் கிறுக்கல்களும் பயப்பட வேண்டியவையே அல்ல. பயப்பட வேண்டியது கேள்விக்குறிக்கு. தெரியாத எழுத்தைக் கேள்விக்குறியாக்கி ஒருமுறை சேமித்துவிட்டால் பழைய பைட் போயேபோச்சு, எந்த வித்தையாலும் திரும்பாது. ஆகவே யாரிடம் வேலை கொடுத்தாலும் மூலக் கோப்பின் நகலை மட்டும் கொடுங்கள், மூலத்தை ‘எழுத முடியாதது’ என்று பூட்டிவையுங்கள்.

‘இ’ போன கதை இதுதான். திஸ்கியில் ‘இ’க்குக் கொடுத்திருந்த இடம் 173. அதே 173, ஐரோப்பியப் பட்டியலில் வரி முறியும்போது மட்டும் தலைகாட்டும் இணைகோடு. அதனால் உலாவிகள் அதைக் காட்டாமல் விழுங்கிவிடும். பிரச்சினை தெரிந்து பிறகு 254ஆம் இடத்தையும் ‘இ’க்கு ஒதுக்கினார்கள்; ஆனால் பெரியப்பாவின் முந்தைய பக்கங்கள் பழைய 173லேயே இருந்தன. தம்பி பக்கத்தை மேற்கத்தியக் குறியேற்றத்தில் திறந்து, திரையில் தெரிந்ததைத் தேர்ந்தெடுத்து நகலெடுத்து ஒட்டியிருக்கிறார், அங்கேதான் ‘இ’ உதிர்ந்திருக்கிறது. கிரந்த எழுத்துகளின் கதையும் இதே மாதிரிதான். ‘ஸ’ உட்கார்ந்திருக்கும் இடம் விண்டோஸில் மூன்று புள்ளிக்கு உரியது. வேர்டு அதைத் தொடர்புள்ளியாக எடுத்துக்கொண்டது. ஃப்ளாப்பியிலிருந்து வந்த சில கோப்புகள் இங்கேதான் கைகொடுத்தன. அதே கட்டுரை அதில் பெரியப்பா சேமித்தபடியே இருந்தது. பக்கத்தில் பக்கம் வைத்துப் பைட் பைட்டாக ஒப்பிட்டபோதுதான் மூலத்தில் ‘இ’ இருக்கிறது, வழியில்தான் காணாமல் போகிறது என்பது உறுதியானது.

எனவே திரையிலிருந்து எதையும் நகலெடுக்காதீர்கள், கோப்பையே இறக்குங்கள். வேபேக் மெஷினில் ஒரு பக்கத்தைத் திறந்தால் முகவரியில் நீளமாகத் தேதி எண் ஒன்று வரும். அந்த எண் முடிந்த இடத்தில், இடைவெளி விடாமல், ‘ஐடி’ என்ற இரண்டு ஆங்கிலச் சின்ன எழுத்துகளையும் ஓர் அடிக்கோட்டையும் சேர்த்துத் தட்டினால், ஆர்க்கைவ் தன் பங்குக்குச் சேர்த்த பட்டையும் மாற்றிய இணைப்புகளும் இல்லாத அசல் கோப்பு வரும். இந்த ஒரு விஷயத்துக்காகவே நான் யாருக்காவது ஐநூறு வெள்ளி சந்தோஷமாகக் கொடுத்திருப்பேன்.

நான் முதலில் பார்த்த கட்டங்களுக்கும் இப்போது காரணம் புரிந்தது. அந்தக் காலப் பக்கங்கள் தலைப்பகுதியில் ‘எக்ஸ்-யூசர்-டிஃபைண்ட்’ என்று குறியேற்றத்தை அறிவித்திருக்கும். இன்றைய உலாவிகள் அப்படி அறிவித்த பக்கத்தின் மேல்பாதி பைட்டுகளை யூனிகோடில் யாருக்கும் ஒதுக்காத தனிப்பகுதிக்குக் கொண்டுபோய் வைத்துவிடுகின்றன. அங்கே எந்த எழுத்துருவிலும் வடிவம் இல்லை, அதனால் கட்டம். முன்பெல்லாம் பட்டியலில் போய்க் குறியேற்றத்தை மாற்றிப் பார்க்கலாம். குரோமில் இப்போது அந்தப் பட்டியலே இல்லை.

மாற்றும் வேலைக்கு இணையத்தில் பல மாற்றிகள் உண்டு. ஒட்டினால் மாற்றித் தருபவை எல்லாம் ஒரு பக்கம், இரண்டு பக்கத்துக்குச் சரி. குவியலாக வைத்திருந்தால் லினக்ஸின் ‘ஐகான்வ்’ (iconv) கட்டளைதான் நல்லது, தொடக்கத்தில் சொன்னது இதைத்தான். உபுண்டு என்ற லினக்ஸை ஒரு யூஎஸ்பி குச்சியில் போட்டு, மடிக்கணினியில் எதையும் அழிக்காமல் அதிலிருந்தே இயக்கினேன். எந்தக் குறியேற்றத்திலிருந்து, எதற்கு என்று இரண்டையும் சொன்னால் போதும். அதன் பட்டியலில் திஸ்கி அதிகாரபூர்வமாகவே இருக்கிறது. திஸ்கியில் கொம்பு முன்னால், மெய் பின்னால், நாம் கையால் எழுதுகிற வரிசையில் இருக்கும்; யூனிகோடில் மெய் முதலில், உயிர்க்குறி பிறகு. ‘கொ’ என்பது அங்கே மூன்று துண்டு, இங்கே இரண்டு. அந்த இடமாற்றத்தையும் அதுவே பார்த்துக்கொள்கிறது. படிக்க முடியாத இடம் வந்தால் நின்றுவிடும். நிற்காமல் தள்ளிவிட்டுப் போ என்று சொல்ல ஒரு விசை உண்டு. அதைத் தொடாதீர்கள். தள்ளிவிட்டது எது என்று பிறகு தெரியவே தெரியாது. நின்ற இடத்தைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் காரணம் அங்கேயே இருக்கும்.

‘ஐகான்வ்’ நிற்காமலே கோட்டைவிடும் இடமும் உண்டு, அதில் மோசமானது ஃபிரண்ட்பேஜ். சில பக்கங்களில் அது எழுத்துகளை அப்படியே விடாமல் ஒவ்வொன்றையும் ‘இது முக்கால் குறி’ என்று ஆங்கிலத்தில் விவரித்து எழுதிவைத்திருந்தது. ‘ஐகான்வ்’ அதைச் சாதாரண ஆங்கிலமாக நினைத்துத் தாண்டிப்போய்விடும். அந்த விவரிப்புகளை முதலில் பழைய பைட்டுகளாக மாற்றிக்கொண்டு, அதற்கப்புறம்தான் திஸ்கியைத் தொட வேண்டும். இன்னொன்று, பக்கத்தின் குறிச்சொற்களைச் சுத்தம் செய்கிறேன் என்று முதலிலேயே உருவிப் போட்டுவிடாதீர்கள். தம்பி அதைத்தான் செய்திருந்தார். எந்தப் பத்தி எந்த எழுத்துரு என்று சொல்லும் குறிப்பு அந்தக் குறிச்சொல்லில்தான் இருக்கிறது. பெரியப்பாவின் ஆரம்பகாலப் பக்கங்களில் தமிழ் ஆங்கில எழுத்தின் இடத்திலேயே உட்கார்ந்திருப்பதால், குறிச்சொல் போய்விட்டால் எது நிஜமான ஆங்கிலம், எது தமிழ் என்று பிரிக்கவே முடியாது. தோட்டத்துத் துரையின் பெயரெல்லாம் தமிழாக மாறி, வாயில் நுழையாத எழுத்துக்கூட்டமாக வந்திருந்தது.

2003க்குப் பிந்தியவை தனிக் கதை. பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், சொந்தத் தளப்பெயர் வாங்கி, மூவபிள் டைப் என்ற வலைப்பதிவு மென்பொருளை நிறுவிக் கொடுத்தார். 2001ல் வந்த அந்த மென்பொருள் அப்போது பெரிய பேச்சு. 2004ல் மூன்றாம் பதிப்புக்குக் கட்டணத் திட்டம் அறிவித்ததும் நிறைய பேர் வேர்ட்பிரஸ் என்ற போட்டி மென்பொருளுக்குக் கிளம்பினார்கள். பெரியப்பா நகரவில்லை, அது நல்லதாகப் போயிற்று. மூவபிள் டைப் ஒவ்வொரு கட்டுரையையும் தனி எச்டிஎம்எல் கோப்பாக எழுதி, பழைய பதிப்புகளில் ஆறு இலக்க வரிசை எண்ணைப் பெயராக வைக்கும். அதனால் ஆர்க்கைவ் அவற்றைச் சுலபமாக அள்ளியிருக்கிறது. எண்களை வரிசையாக எழுதிப் பார்த்தால் எது கிடைக்கவில்லை என்பதும் உடனே தெரிந்துவிடும் (நடுவில் சில எண்கள் அழித்த வரைவாகவும் இருக்கலாம்). எல்லாம் யூனிகோட்தான். வழங்கி (சர்வர்) மட்டும் ‘இது மேற்கத்தியம்’ என்று தலைப்பில் சொல்லி அனுப்பியிருக்கிறது, அந்தச் சொல்லுக்குத்தான் உலாவி முதல் மரியாதை கொடுக்கும். கோப்பை இறக்கி யூடிஎஃப்-8 என்று திறந்தேன், தமிழ் அப்படியே இருந்தது. ஒரு மாற்றமும் தேவைப்படவில்லை. இதையும் மாற்றுகிறேன் என்றுதான் தம்பி கேள்விக்குறியாக்கி வைத்திருந்தார்.

தளப்பெயர் எப்படிப் போயிற்று என்றால், அண்ணன் ஆஸ்திரேலியா போன பிறகு கடன் அட்டை காலாவதியாகிவிட்டது. புதுப்பிக்கச் சொல்லும் கடிதங்கள் அதே பெயரில் இருந்த மின்னஞ்சலுக்கே போயிருக்கின்றன, அந்தப் பெட்டியும் பெயரோடு சேர்ந்து நின்றுவிட்டது. டாட் காம் பெயர் காலாவதியானால் பதிவாளரைப் பொறுத்து 45 நாள் வரை சலுகை, பிறகு அதிகக் கட்டணம் கட்டி மீட்க 30 நாள், கடைசி 5 நாள் யாரும் ஒன்றும் செய்ய முடியாது, அப்புறம் சந்தைக்கு வந்துவிடும். இப்போது அந்த முகவரியில் சூதாட்ட விளம்பரம் ஓடுகிறது. வேபேக் மெஷினில் தேடும்போது வருஷத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பெரியப்பாவின் தளப்பெயரைத் தட்டிவிட்டுச் சூதாட்டப் பக்கத்தைப் பார்த்து நான் திடுக்கிட்ட மாதிரி நீங்கள் திடுக்கிட வேண்டாம். உங்களுக்குச் சொந்தத் தளப்பெயர் இருந்தால், தொடர்பு மின்னஞ்சலை இன்றைக்கே வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

கடைசியாக அச்சகம். யூனிகோட் கோப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தால், “எங்க ஃபாண்ட்ல மாத்திக் குடுத்துடுங்க மேடம், இதுல கொம்பெல்லாம் இடம் மாறுது” என்றார்கள். இத்தனை பாடுபட்டு வெளியே கொண்டுவந்ததை மறுபடியும் உள்ளே தள்ளச் சொல்கிறார்கள்! நான் ஒப்புக்கொள்ளவில்லை. இன்டிசைன் என்ற பக்க அமைப்பு மென்பொருளில் பத்தி அமைப்பை ‘வேர்ல்ட்-ரெடி’ கம்போஸருக்கு மாற்றினால் தமிழ் யூனிகோட் ஒழுங்காக அமரும். ஒரு பத்தியை அங்கேயே மாற்றிக் காட்டச் சொன்னேன், கொம்பு தன் இடத்துக்கு வந்தது. எழுத்துருவை உள்ளே பதித்த பிடிஎஃப்தான் அச்சுக்குப் போகும் என்று பேசி முடித்திருக்கிறோம். கிடைக்காமல் போன கட்டுரைகளின் தலைப்புகளை மட்டும் பழைய முகப்புப் பக்கத்திலிருந்து எடுத்துப் பின்னிணைப்பாகச் சேர்த்தாயிற்று. அதில் இரண்டைப் பெரியப்பா ஞாபகத்திலிருந்தே சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். பழையதைவிட இது நீளமாகப் போகிறது, அச்சகத்தார் பக்கக் கணக்கைக் கேட்டு ஃபோன் செய்துகொண்டே இருக்கிறார்கள்.